எந்த நானூற்றுப் பதினேழு?

அவரிடம் யாரும் வெறும் எண்ணைச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. "மேடம், நூத்தி இருபது ஓப்பன் ஆவல" என்று போனில் யாராவது சொன்னால், "என்ன நூத்தி இருபது?" என்பார். மெஷினா, ஆளா, லாட்டா, டோக்கனா என்று தெரியும்வரை அவர் விரல் கீபோர்டைத் தொடாது. கோபமாகக் கேட்கமாட்டார். மளிகைக் கடைக்காரர் துவரையா உளுந்தா என்று கேட்பதுபோல, கேட்டால்தானே எடுத்துத் தரமுடியும் என்கிற குரலில் கேட்பார்.

நான் ஓசூரில் வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க். பத்தாவது வரைதான் படித்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்ப்பது என் வேலை. கம்பெனிக்குப் புதிதாகப் புரோகிராம் எழுத அவர் வந்தபோது, சர்வர் பெட்டி என் அறையின் பின்பக்கம் இருந்ததால், அவருக்கும் அங்கேயே ஒரு மேஜை போட்டார்கள். ஒன்றரை வருடம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவேரிப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அதற்கு முன்னால் பெங்களூரில் பெரிய இடத்தில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள். அவராக எதையும் சொன்னதில்லை. நாங்கள் எல்லோரும் மேடம் என்றோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வந்து முதலில் கையில் எடுத்தது பூஜ்யத்தின் கதையைத்தான்.

எங்கள் பழைய புரோகிராமில் ஒரு வழக்கம் இருந்தது. புது ஆளின் விவரத்தை அடித்து, 'சேவ்' கொடுத்த பிறகுதான் அவருக்கு ஓர் எண் விழும். அதுவரை திரையில் 0 என்று நிற்கும். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு முதல்நாள் காலையிலேயே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். மதியம்தான் நான் விவரங்களைச் சேவ் செய்வேன். காலையில் பயிற்சிக்காரர்கள் அவசரத்தில் வருகைப்பதிவு போட்டுவிடுவார்கள். அத்தனையும் 0 என்கிற ஆளின் பெயரில் போய் விழும். வருடக்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தது. அந்த 0 கிரேன் ஓட்டக் கற்றவர், வெல்டிங் கற்றவர், தீயணைப்பு கற்றவர், கண் பரிசோதனையில் பலதடவை தேறியவர். ஒரு வருடம் பாதுகாப்பு தினத்தன்று சிறந்த தொழிலாளி யார் என்று கம்ப்யூட்டரில் பட்டியல் எடுத்தால், முதல் இடத்தில் 0 வந்து நின்றார். மேனேஜரும் பெயரைப் பார்க்காமல் கேடயத்துக்குச் சொல்லிவிட்டார். 'தொழிலாளி எண்: 0' என்று பொறித்த கேடயம் வந்து சேர்ந்தது. வாங்க ஆளில்லை. கேண்டீனில் அதை அலமாரிமேல் வைத்து, யாரோ ஒரு செம்பருத்திப் பூவையும் செருகிவிட்டார்கள். "சைபர் சாமி, இன்னிக்காவது சாம்பார்ல காய் இருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் தட்டெடுப்பார்கள்.

மேடத்தை அழைத்துப்போய் அதைக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கேடயத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, இதுக்குள்ள எத்தனை பேரு இருக்காங்க?" என்றார்.

"ஒரு ஐநூறு பேராவது இருப்பாங்க மேடம்."

"அத்தனை பேருக்கும் பயிற்சி குடுத்ததுக்கு அத்தாட்சி இல்ல. நாளைக்கு ஒருத்தருக்கு கைல அடிபட்டா, இவருக்குப் பயிற்சியே குடுக்கலன்னு சொல்லிடலாம், இல்லையா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவர் எனக்கு ஒன்று சொன்னார். எண் பூஜ்யம் என்பது வேறு, எண் இன்னும் வரவில்லை என்பது வேறு. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் கம்ப்யூட்டர் நம்பிவிடும், அதற்கு நம்புவதைத் தவிர வேறு தெரியாது என்றார். எனக்கு என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்த நாள் ஞாபகம் வந்தது. "ஆமாங்க மேடம், வயித்துல இருக்கிற பிள்ளைக்குப் பேரு இருக்காது. அதுக்காக அது யாரோ ஒரு பிள்ளை ஆயிடுமா?" என்றேன். அவர் நாற்காலியை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்படித் திரும்புவது அபூர்வம். "இதை நான் பெங்களூர்ல நாலுநாள் கிளாஸ் எடுத்தும் புரியவைக்க முடியலண்ணா" என்றார். நான் படிக்காதவன். அந்த ஒரு வார்த்தையில் என் மனம் நிறைந்துவிட்டது.

அவர் எழுதுகிற புரோகிராம் எப்படி என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் எல்லாம் அட்டவணையாக இருக்கிறது. தொழிலாளிகளுக்கு ஓர் அட்டவணை, மெஷின்களுக்கு ஒன்று, டோக்கன் கார்டுகளுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாள எண். எந்த அட்டவணையில் பார்த்தாலும் அது வெறும் எண்தான். எழுதுகிறவர் கவனக்குறைவாக ஆள் எண் கேட்கிற இடத்தில் மெஷின் எண்ணைக் கொடுத்தால் அதுவும் வாங்கிக்கொள்ளும், ஏனென்றால் 52 என்பது இரண்டிலும் 52தான். மேடம் அப்படி விடமாட்டார். ஒவ்வொரு அட்டவணையின் எண்ணுக்கும் தனித்தனி அச்சு செய்துவைத்தார். ஆள் எண் என்று ஒரு வகை, மெஷின் எண் என்று ஒரு வகை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கொடுத்தால், ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே, எழுதும்போதே சிவப்புக் கோடு விழும்.

எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. எங்கள் லைனில் போக்கா யோக்கே என்று ஒன்று உண்டு. ஜப்பான்காரர்கள் சொல்லிக்கொடுத்த பெயர். பாகத்தைப் பிடிக்கிற ஃபிக்ஸ்சரில் ஒரு ஓரமாகச் சின்னப் பின் வைத்திருப்பார்கள். பாகத்தைத் திருப்பி வைத்தால் அது உட்காராது. தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், பேச்சில் இருந்தாலும், தப்பாக வைக்கவே முடியாது. "அப்ப நீங்க நம்பருக்கு பின் வைக்கிறீங்க" என்றேன். "அதேதான்" என்றார்.

அந்த அடையாள எண்களை ஒன்றோடொன்று கூட்டுவதற்குக்கூட அவர் இடம் வைக்கவில்லை. ஒருநாள் பயிற்சிக்கு வந்த இன்ஜினியர் ஒருவர், "எண்ணுன்னா கூட்டத்தானே மேடம்" என்று கேட்டதற்கு, "உங்களையும் கேட்ல இருக்கற செக்யூரிட்டியையும் கூட்டினா யாரு வருவாங்க?" என்றார். செக்யூரிட்டி கன்னடக்காரர். காதில் விழுந்ததும் வாசலில் நின்றபடியே, "சூப்பர்வைசர் பர்த்தாரெ மேடம்" என்றார், சூப்பர்வைசர்தான் வருவார் என்று. அன்று அறையே சிரித்தது. மேடமும் சிரித்தார்.

அடையாள எண்ணுக்கு அர்த்தமே இருக்கக்கூடாது என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். டிபார்ட்மெண்ட் எழுத்து, சேர்ந்த வருடம், ஷிப்ட் எல்லாம் சேர்த்து அழகாக எண் கொடுங்கள் என்று முதலாளி வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்தார்கள். "அர்த்தம் இருந்தா ஒருநாள் மாறும் சார். டிபார்ட்மெண்ட் மாறினா ஆள் மாறிட்டாரா?" என்று கேட்டு முடித்துவிட்டார்.

ஒரு கார்த்திகை சோமவாரத்தில் என் மனைவி அவரை எங்களோடு மலைக்கோயிலுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டார். மேடத்துக்கு நட்சத்திரம் தெரியவில்லை. "அப்ப சாமி பேருக்கே பண்ணிடலாம்" என்று குருக்கள் மந்திரம் ஆரம்பித்துவிட்டார். படி இறங்கும்போது மேடம் விடாமல் கேட்டார்: "அண்ணா, சாமி பேருக்கே பண்ணினா அது எனக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு நம்பர் எதுக்கு மேடம்? எறும்பைக்கூட தனித்தனியா தெரியும்" என்றேன். நான் அதை முழுமனதாக நம்புகிறவன்.

இன்னும் நாலு படி இறங்கினார். பிறகு, "தெரியும். சரிதான். ஒண்ணுமே தெரியாத கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிறதுதான் என் பொழப்பு" என்றார்.

இப்படிப்பட்டவருடைய பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளிகளில் சிலரை நிரந்தரம் ஆக்கப்போவதாக அறிவித்திருந்தார்கள். நான்கு வருடம் இடைவெளி இல்லாமல் வேலை செய்திருக்கவேண்டும், மெமோ எதுவும் இருக்கக்கூடாது. முதல் பட்டியலை மேனேஜர் பழைய புரோகிராமிலிருந்து எடுத்து ஒட்டினார். வெள்ளிக்கிழமை இறுதிப் பட்டியல்.

மறுநாள் மதியம் இரண்டாம் ஷிப்ட் மாறுகிற நேரத்தில் மாதம்மா என் ஜன்னலுக்கு வந்தாள். மத்தூர்ப் பக்கத்துப் பெண். அசெம்ப்ளி லைனில் வேலை. நான் பார்த்தவரை லேட்டாக வந்ததில்லை, சத்தமாகப் பேசியதில்லை.

"அண்ணா, லிஸ்ட்ல என் பேரு வர்லியே. ஏன்ணா?"

திரையில் அவள் டோக்கன் எண்ணைப் போட்டேன். 417. மெமோ: 3. இடைவெளி: 4 மாதம்.

"உம்பேர்ல மூணு மெமோ இருக்குதும்மா."

"எனுக்கா? நான் எந்த மெமோவும் வாங்கலியேண்ணா. ஒருநா சூப்பர்வைசர் திட்டினாரு, அதுகூட வேற பொண்ணுன்னு நெனச்சு திட்டினாரு."

"சிஸ்டத்துல அப்படித்தான் இருக்குது மாதம்மா."

சொல்லி வாய் மூடுவதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. காண்ட்ராக்ட் ஆட்களின் கார்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாராவது வேலையை விட்டுப் போனால் கார்டு என்னிடம் திரும்பி வரும். புது அட்டை அச்சடிக்கச் சொன்னால் பத்துநாள் ஆகும். வந்து நிற்கிற ஆளைக் காக்கவைப்பானேன் என்று, திரும்பி வந்த கார்டையே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். 417 மாதம்மாவுக்கு வருவதற்கு முன்னால் வேறொரு ஆளிடம் இருந்தது. பிரஸ் ஷாப்பில் சண்டை போட்டுவிட்டு நின்றுபோன ஆள். அவன் கார்டோடு அவன் மெமோக்களும் இவள் கழுத்தில் ஏறியிருக்கின்றன. பழைய புரோகிராமுக்கு ஆளும் கார்டும் ஒன்றுதான்.

மாதம்மா போகாமல் நின்றாள். கம்பியைப் பிடித்த கையில் கிரீஸ் இருந்தது. "நிரந்தரம் ஆனா பஸ் பாஸு, ஆஸ்பத்திரி கார்டு எல்லாம் வரும்னு வூட்ல சொல்லிட்டு வந்தேன்" என்றாள். பிறகு போய்விட்டாள்.

எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மேடம் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அண்ணா, அந்தக் கார்டு இவங்களுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்தது?"

"ஞாபகம் இல்ல மேடம்."

"கார்டு குடுத்ததுக்கு ரெஜிஸ்டர் இருக்குமே?"

"இல்ல மேடம்."

அவர் நாற்காலியைத் திருப்பினார். "இல்லன்னா எந்த இல்ல அண்ணா? எழுதவே இல்லயா, எழுதினது காணாமப் போச்சா, இருக்குது ஆனா குடுக்க மனசு இல்லயா? மூணும் வேற வேற."

ரெஜிஸ்டர் என் மேஜையின் கீழ்த்தட்டில்தான் இருந்தது. கார்டு வாங்கினவர், தேதி, கையெழுத்து, திருப்பிக் கொடுத்த தேதி என்று ஒன்று விடாமல் நானே எழுதியது. அதைக் கொடுத்தால் டைம் ஆபீஸ்காரன் இத்தனை வருடமாகக் கார்டு மாற்றிக் கொடுத்தது வெட்டவெளிச்சம் ஆகும். எனக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் மேலே கேட்கவில்லை. திரும்பித் தம் வேலையைப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

மறுநாள் காலையில் வீட்டில் குளித்துவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். தினமும் திருநீறு எடுத்து நெற்றியில் மூன்று விரலால் இழுப்பேன். அன்று தட்டில் விரலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். எவள் கழுத்திலோ எவன் பாவத்தையோ மாட்டிவிட்டு, அதை மறைக்கவும் செய்துவிட்டு, இதை எப்படிப் பூசிக்கொள்வது? மனைவி அடுப்படியிலிருந்து, "நேரமாச்சுங்க" என்றாள். "பூச மாட்டேன், இன்னிக்கு முதல்ல ஒரு வேலை இருக்கு" என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மேடம் வருவதற்கு முன்பே ரெஜிஸ்டரை அவர் மேஜைமேல் வைத்தேன். வந்தார், பார்த்தார். நன்றி என்றும் சொல்லவில்லை, நேற்று ஏன் இல்லையென்றீர்கள் என்றும் கேட்கவில்லை. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் தூசியைத் துடைத்தார். "நீங்க படிங்க, நான் அடிக்கிறேன்" என்றார்.

இரண்டு நாள் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கார்டையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை யார் வைத்திருந்தார் என்று பிரித்தார். ஒவ்வொரு ஆளுக்கும் கார்டோடு சம்பந்தமே இல்லாத ஓர் ஆள் எண். கார்டு கை மாறலாம், ஆள் எண் யாருக்கும் மாறாது, யாருக்கும் இன்னொரு தடவை போகாது. மெமோக்களின் காகித நகல்களில் தேதி இருந்ததால், மூன்றும் பழைய ஆளுடையவை என்று பிசகில்லாமல் தெரிந்தது.

நடுவில் மேனேஜர் வந்து வாசலில் நின்றார்.

"மேடம், வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகணும். டோக்கன் நம்பரை வச்சே ஏத்தி முடிச்சுடுங்க."

"முடியாது சார். புரோகிராம் ஏத்துக்காது."

"நீங்க எழுதின புரோகிராம்தானே? ஏத்துக்கற மாதிரி மாத்துங்க."

"ஏத்துக்கக் கூடாதுன்னுதான் சார் அப்படி எழுதினேன்."

மேனேஜருக்கு முகம் சிவந்தது. கார்டை மறுபடி மறுபடி கொடுத்தது யார் என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். மேடம் எனக்காகப் பொய் சொல்லவில்லை. "டைம் ஆபீஸ்தான் சார் குடுத்தது. அப்படிக் குடுக்கக் கூடாதுன்னு கம்பெனி எங்கேயும் எழுதி வைக்கல. அது ஒரு தப்பு, இது ஒரு தப்பு" என்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அது என்னுடைய மெமோதான், சரியான ஆளுக்குத்தான் வந்தது. பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் ஒன்றுதான் பாக்கி இருந்தது. 417இன் கணக்கில் அந்த நான்குமாத இடைவெளி. பழைய புரோகிராம் அதற்குத் தேதி வைக்கவில்லை. நான்கு மாதம் என்று மொத்தமாக மட்டும் சொன்னது.

"அந்தாளோடதாதான் இருக்கும் மேடம். அவன் அடிக்கடி வராம நிப்பான்" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். மாதம்மாவுக்குச் செய்த கெடுதலை முழுசாகத் துடைத்துவிடவேண்டும் என்கிற தவிப்பும் இருந்தது. மேடம் ஒரு நிமிடம் யோசித்தார். மூன்று மெமோவும் அவனுடையது ஆயிற்றே. களைப்பு வேறு. அதையும் அவன் வரியில் போட்டார். ஒன்றரை வருடத்தில் அவர் அனுமானத்தால் ஒன்றை நிரப்பியதை அந்த ஒருதடவைதான் பார்த்தேன்.

போட்டுவிட்டு அவருக்கே பொறுக்கவில்லை. "கார்டு கணக்கு பிரிச்சவங்க எல்லாரையும் கூப்பிட்டு அவங்கவங்க வரியைக் காட்டிடலாம்ணா" என்றார். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொருவராக வந்தார்கள். மாதம்மா வந்ததும் திரையை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்தார்.

"இது நீங்கதானா பாருங்கம்மா."

மாதம்மா உதடசைத்துப் படித்தாள். பெயர், ஊர், சேர்ந்த தேதி. மெமோ: இல்லை. இடைவெளி: இல்லை. முகம் மலர்ந்தது. மறுபடி படித்தாள். மலர்ந்தது அடங்கியது.

"அண்ணா, இடைவெளி இல்லன்னு இருக்குது."

"ஆமா மாதம்மா, அதுவும் அந்தாளோடது. எடுத்தாச்சு."

"இல்லண்ணா. நாலு மாசம் நான் வர்ல."

ஜன்னலோரம் குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "சும்மா இரு மாதம்மா. யாரும் கேக்கல. நாளைக்கு லிஸ்ட்."

"எம் பொண்ணு பொறந்த நாலு மாசம்ணா அது. அப்பதான் வர்ல." அவள் குரல் ஏறவில்லை. "அந்த நாலு மாசத்த எவன் பேர்லயோ எழுதினா, எம் பொண்ணு எவன் புள்ளன்னு ஆவும்?"

பின்னால் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான்கு மாதத்தைத் திருப்பி எழுதினால் அவளுக்கு நிரந்தரம் இல்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் நின்றாள்.

மேடம் திரையைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். "தப்பு என்னோடதும்மா. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி போட்டுட்டேன்" என்று மாதம்மாவிடமே சொன்னார். நான் சொல்லித்தான் போட்டார். அதை அவர் சொல்லவில்லை. நான்குமாதம் மாதம்மாவின் வரிக்குத் திரும்பி வந்தது. பிறகு அவர் ரெஜிஸ்டரைக் கேட்டார். 417இன் பக்கத்தைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே போனார்.

"அண்ணா, அந்த நாலு மாசத்துல இவங்க கார்டைத் திருப்பிக் குடுத்த மாதிரி எழுதலயே?"

"குடுக்கல மேடம்." அப்போதுதான் எனக்கே உறைத்தது. "நின்னுபோறவங்கதான் குடுப்பாங்க."

"எம் மாமியா கார்ட சாமி படத்துக்குப் பின்னால வெச்சிருந்தாங்க" என்றாள் மாதம்மா. "வேலைக்குத் திரும்பப் போவணுமில்ல?"

மேடம் எழுந்தார். ரெஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு, "வாங்க ரெண்டு பேரும்" என்றார். மேனேஜர் அறைக்குள் அவர் அனுமதி கேட்காமல் நுழைந்தது அன்றுதான். 

விஷயத்தைக் கேட்டதும் மேனேஜர் சொன்னார்: "காண்ட்ராக்டர் அந்தம்மா வேலைய விட்டுட்டாங்கன்னு குடுத்திருக்கான் மேடம். பிரேக் பிரேக்தான். சிஸ்டத்துல அதுக்கு ஒரே கட்டம்தான் இருக்கு."

"பழைய சிஸ்டத்துல சார். நான் எழுதறதுல ரெண்டு இருக்கு. வேலைய விட்டது ஒண்ணு, பிரசவத்துக்குப் போனது ஒண்ணு. ரெண்டையும் ஒண்ணா போட்டா ஏத்துக்காது."

"எப்ப எழுதினீங்க ரெண்டுன்னு?"

"இப்ப போய் எழுதப்போறேன்."

மேனேஜர் அவரையே பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை, வேலையை முடிக்கிற அவசரம்தான். பிரசவ விடுப்பை வேலைத் தொடர்ச்சியில் சேர்க்கவேண்டும் என்று சட்டம் இருப்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ரெஜிஸ்டரை வாங்கித் திரும்பிவராத கார்டின் பக்கத்தைப் பார்த்தார். "பிறப்புச் சான்று இருக்குதாம்மா?" என்றார்.

"கிஷ்ணகிரி ஆஸ்பத்திரில குடுத்தது இருக்குதுங்க சார்."

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கொண்டாங்க."

ஒன்பதேகாலுக்கெல்லாம் கொண்டுவந்துவிட்டாள். பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த காகிதம். மேடம் தேதியைச் சரிபார்த்துத் தாமே அடித்தார். பட்டியல் சாயங்காலம் ஒட்டினார்கள்.

நிரந்தர உத்தரவுகளைக் கொடுக்கிற பொறுப்பை மேனேஜர் என்னிடமே விட்டார். திங்கட்கிழமை, ஷிப்ட் முடிந்து ஜன்னலில் வரிசையாக வந்து வாங்கினார்கள். மாதம்மா கையெழுத்துப் போட்டு உறையைப் பிரித்தாள். முதல் தாளில் அவள் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூட வைத்திருந்த பணி விவரத் தாளைத் தேடி எடுத்தாள். வரி வரியாக விரலை இறக்கிக்கொண்டு போய், பிரசவ விடுப்பு, நான்கு மாதம் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"மேடம், இங்க பாருங்க" என்றாள் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து. "எம் பொண்ணு."

மேடம் நாற்காலியைத் திருப்பினார். எழுந்து வந்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டி, அந்த விரலுக்குப் பக்கத்தில் தம் விரலை வைத்தார்.

"பேரு என்னம்மா அவளுக்கு?" என்று கேட்டார்.